சுருட்டிக்கொண்டு போன கொட்டகை

லண்டனுக்குப் போகிறவர்கள் தேம்ஸ் நதிக்கரையில் இருக்கும் ஷேக்ஸ்பியரின் குளோப் தியேட்டரை எட்டிப் பார்க்காமல் திரும்புவதில்லை. உண்மையில் அது அசல் குளோப் இல்லை. அசல் 1613-ல் எரிந்து போனது. அடுத்த வருடமே மறுபடி கட்டினார்கள். கொஞ்ச காலம் கழித்து அதையும் இடித்துத் தள்ளிவிட்டார்கள். இன்று நாம் பார்ப்பது 1997-ல் திறந்த நகல். இருந்தால் என்ன? டிக்கெட் வாங்கி உள்ளே போய், 'இந்த மாதிரி மேடையில்தானே ஹாம்லெட் புலம்பினான்' என்று பெருமூச்சு விட்டுவிட்டு வர ஓர் இடம் இருக்கிறது!

சரி, நம் கதைக்கு வருவோம். தமிழ் நாடகத்தின் தலைமையாசிரியர் என்று இன்றைக்கும் நாடகக்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு சொல்லும் பெயர், சங்கரதாஸ் சுவாமிகள். ஊர், தூத்துக்குடிக்குப் பக்கத்தில் காட்டுநாயக்கன்பட்டி. அவருடைய தியேட்டரைப் பார்க்க வேண்டும் என்று யாராவது ஆசைப்பட்டால் எந்த பஸ் ஏறுவது?

தூத்துக்குடியில் பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது. துறைமுகம் இருக்கிறது. பனிமய மாதா கோயில் இருக்கிறது. வெள்ளை வெளேரென்று உப்பளங்கள் கண்ணைக் கூச வைக்கின்றன. ஆனால், 'சுவாமிகளின் நாடகம் இங்கேதான் நடந்தது' என்று சுட்டிக்காட்ட ஒரு தூண் கிடையாது, ஒரு திரைச்சீலை கிடையாது. மூங்கிலும் கீற்றுமாக எழும்பிய கொட்டகைகள் எல்லாம் எழும்பிய வேகத்திலேயே பிரிக்கப்பட்டு மாட்டு வண்டியில் ஏறிவிட்டன.

இதில் தூத்துக்குடிக்காரர்களுக்கு ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. முத்துக்குளித்துறையின் வழக்கமே அதுதான். முத்துக்குளிப்பு அறிவித்தால் போதும். ஆளில்லாத மணல்வெளியில் ராத்திரியோடு ராத்திரியாக ஓலைக் குடிசைகளால் ஒரு நகரமே முளைக்கும். குளிகாரர்கள், வியாபாரிகள், வட்டிக்காரர்கள், சோற்றுக் கடைக்காரர்கள் என்று ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். சில வாரம். சிப்பி தீர்ந்ததும் நகரத்தையும் காணோம், ஆளையும் காணோம். மணல் மட்டும் மிச்சம். தூத்துக்குடிக் கடலில் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்தது. அதற்குப் பிறகு அந்த ஓலை நகரம் எழவே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கடல் பக்கத்து முத்துக்குளிகாரர்களை வைத்து பாரிஸ் நகரத்து மேடையில் ஓர் இசை நாடகமே போட்டிருக்கிறார்கள். 1863-ல் பிஸே என்ற இளம் இசைமேதை அமைத்த 'முத்துக்குளிப்பவர்கள்'. கதை நடக்கும் இடம் இலங்கை. பிஸே இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அந்த நாடகம் இன்னும் உலகத்தின் பெரிய பெரிய அரங்குகளில் நடந்துகொண்டிருக்கிறது.

இங்கே, நிஜ முத்துக்குளித்துறையில், அதற்கு நாலு வருடம் கழித்து 1867-ல் சங்கரன் பிறந்தார். அப்பா தாமோதரன், ராமாயணத்தைக் கரைத்துக் குடித்த மனிதர். ஊரில் அவருக்கு 'ராமாயணப் புலவர்' என்றே பெயர். பையனுக்கு முதல் பாடம் அப்பாவிடம். பிறகு பழநி தண்டபாணி சுவாமிகளிடம் போய் இலக்கணம், யாப்பு எல்லாம் கற்றுக்கொண்டார். வெண்பா, கலித்துறை என்று எதைக் கேட்டாலும் உடனே பாடித் தள்ளுகிற அளவுக்குத் தமிழ் வசப்பட்டது.

இவ்வளவு படித்தவருக்குக் கிடைத்த உத்தியோகம்? தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதுவது! பகலெல்லாம் மூட்டைக் கணக்கு. வெண்பா பாடுகிற நாக்கு உப்பு எண்ணிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? 24 வயதில், 1891 வாக்கில், பேனாவைக் கீழே வைத்துவிட்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்துவிட்டார்.

அந்த 1891-ஐக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதே வருடம் சென்னையில் இன்னொரு இளைஞர் இன்னொரு காரியம் செய்தார்.

சென்னை சென்ட்ரலில் இறங்கி ரிப்பன் மாளிகைப் பக்கம் நடந்தால், அதை ஒட்டினாற்போல் செங்கல் சிவப்பில் கம்பீரமாக ஒரு கட்டடம் நிற்கும். விக்டோரியா பப்ளிக் ஹால். விஜயநகரம் மகாராஜா 1883-ல் அடிக்கல் நாட்டியது. வரைபடம் போட்டவர் சிஷோம் என்ற ஆங்கிலேயர். கட்டிக் கொடுத்தவர் நம்பெருமாள் செட்டி. ராணி விக்டோரியாவின் பொன்விழா நேரம் என்பதால் ராணி பெயரையே வைத்தார்கள். நெடுங்காலம் பாழடைந்து பூட்டிக் கிடந்த கட்டடத்தை மாநகராட்சி எடுத்துப் புதுப்பித்திருக்கிறது. நம் ஊரில் நாடகம் நடந்த பழைய அரங்கம் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றால் தாராளமாக இங்கே போகலாம்.

இந்த ஹாலோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர், பம்மல் சம்பந்த முதலியார். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பம்மலுக்குத் தமிழ் நாடகம் என்றாலே இளக்காரம். 1891-ல் பல்லாரியிலிருந்து வந்த குழு ஒன்று சென்னையில் போட்ட தெலுங்கு நாடகங்களைப் பார்த்தார். நடித்தவர்கள் எல்லாம் படித்தவர்கள், உத்தியோகஸ்தர்கள். 'அட, நாமும் செய்யலாமே' என்று தோன்றியது. அந்த வருடம் ஜூலை மாதம் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஆரம்பித்ததுதான் சுகுண விலாச சபை. வக்கீல்கள், பட்டதாரிகள், பெரிய இடத்துப் பிள்ளைகள் என்று உறுப்பினர்கள் சேர்ந்தார்கள். சபைக்கு நீண்ட காலம் விக்டோரியா ஹால்தான் வீடு, மேடை எல்லாம். பம்மல் பின்னாளில் நீதிபதி ஆனார். 1959-ல் பத்மபூஷணும் வந்தது.

ஆக, ஒரே வருடத்தில் இரண்டு பேர் தமிழ் மேடைக்கு வருகிறார்கள். ஒருவர் சென்னையில், செங்கல் கட்டடத்துக்குள். இன்னொருவர் தூத்துக்குடியில், கீற்றுக் கொட்டகைக்குள். முன்னவருக்கு நாடகம் சாயங்கால நேரத்துப் பிரியம். பின்னவருக்கு அதுவே சோறு.

இந்த வித்தியாசம் சின்னது இல்லை. சாயங்காலம் நடிக்கிற வக்கீலை 'கலாரசிகர்' என்பார்கள். சோற்றுக்கு நடிக்கிறவனை 'கூத்தாடி' என்பார்கள். குடியிருக்க வீடு கேட்டால் கதவைச் சாத்துவார்கள். பெண் கொடுக்க மாட்டார்கள். ராத்திரி ராஜா வேஷத்தில் வந்தவனைப் பார்த்துக் கும்பிட்டு, 'ஒன்ஸ்மோர்' கேட்டு உருகிய அதே ஊர், காலையில் அவன் டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தால் நகர்ந்து உட்காரும்.

அந்தக் காலத்துக் கொட்டகை எப்படி இருக்கும்? பெரிய ஊர்களில் நிரந்தரக் கொட்டகைகள் உண்டு. மற்ற இடங்களில் மூங்கில் நட்டு, கீற்று வேய்ந்து, சுற்றிலும் தட்டி கட்டினால் ஆச்சு. முன்னால் மணல் தரை, பின்னால் பெஞ்ச், அதற்கும் பின்னால் பிரமுகர்களுக்கு நாற்காலி. படுதாக்கள்தான் கம்பெனியின் சொத்து. தர்பார் படுதா, காட்டுப் படுதா, தெருப் படுதா. சுருட்டி வண்டியில் ஏற்றினால் அரண்மனையும் காடும் அடுத்த ஊருக்குப் போய்விடும். மைக் கிடையாது. ராஜபார்ட் பாடுகிற பாட்டு கடைசி வரிசை தரை டிக்கெட்காரன் காதில் விழ வேண்டும். விழாவிட்டால் அவன் சும்மா இருக்க மாட்டான். அதனால்தான் ஐந்து கட்டை சுருதியில் உச்சத்தில் நின்று பாடினார்கள்.

கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் என்றொரு நடிகை இருந்தார். பெண்களே எல்லா வேஷமும் கட்டிய கம்பெனி அவருடையது. அவர் நாடகத்துக்காக ராத்திரியில் தனி ரயிலே விட்டார்கள் என்று சொல்வார்கள். சூப்பர் ஸ்டார்கள் ஒன்றும் சினிமா வந்த பிறகு பிறந்தவர்கள் இல்லை!

சுவாமிகள் முதலில் நடிகராகத்தான் பெயர் வாங்கினார். எமன், சனீஸ்வரன், இரணியன் மாதிரி பயங்கர வேஷங்கள். இதில் ஒரு கதை சொல்வார்கள். சனீஸ்வரனாக நடித்து முடித்து, விடியற்காலையில் வேஷத்தைக் கழுவ நீர்த்துறைக்குப் போயிருக்கிறார். அங்கே துணி வெளுக்க வந்த கர்ப்பிணிப் பெண் ஒருத்தி, அரையிருட்டில் அந்த உருவத்தைப் பார்த்த அதிர்ச்சியில் விழுந்து உயிரை விட்டாளாம். சாவித்திரி நாடகத்தில் எமனைப் பார்த்து இன்னொரு பெண்ணுக்குக் கருக் கலைந்தது என்றும் சொல்கிறார்கள். இந்தக் கதைகளில் எத்தனை பங்கு நிஜமோ, அவர் வேஷம் போடுவதை நிறுத்தியது நிஜம். பிறகு தீர்த்த யாத்திரை. சங்கரதாஸ் 'சுவாமிகள்' ஆனது இதற்குப் பிறகுதான். புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை அவரைப் பிள்ளையாகவே வைத்துக்கொண்டார். அங்கே தாளம் கைவசமானது. ஏற்கெனவே தமிழ் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா?

வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன், நல்லதங்காள், அபிமன்யு சுந்தரி... எழுதிக்கொண்டே போனார். கத்தோலிக்க மக்கள் கொண்டாடிய ஞான சௌந்தரி கதையையும் விடவில்லை. 'ரோமியோ ஜூலியட்'டைத் தமிழ்ப்படுத்தினார். சம்ஸ்கிருதத்து 'மிருச்சகடிக'த்தைக் கொண்டுவந்தார். எல்லாம் பாட்டும் வசனமுமாக, இன்ன இடத்தில் இன்ன சொல் என்று வரையறுத்து எழுதப்பட்டவை.

இந்த வரையறுப்புதான் முக்கியம். அதற்கு முன்னால் நாடகம் என்றால் நடிகர் வாய்க்கு வந்ததுதான் வசனம். ஒருவர் குடித்துவிட்டு வருவார். ஒருவர் கதையை மறந்து சொந்த மகிமையைப் பாடுவார். பெரிய நடிகர்களைத் திருத்திப் பார்த்து அலுத்துப்போன சுவாமிகள் ஒரு முடிவுக்கு வந்தார். இனி சின்னப் பையன்களை வைத்துச் செய்துகொள்ளலாம்! பையன்கள் சொன்னதைச் சொன்னபடி மனப்பாடம் செய்வார்கள்.

1910-ல் சமரச சன்மார்க்க நாடக சபை. செங்கோட்டை கிட்டப்பா தன் அண்ணன்மாரோடு அதில் பாடம் படித்தார். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. அதில் வந்து சேர்ந்தார்கள் டி.கே.எஸ். சகோதரர்கள். பின்னாளில் அவ்வை சண்முகம் ஆன சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. அந்தப் பையனுக்காகவே ஒரே ராத்திரியில் உட்கார்ந்து 'அபிமன்யு சுந்தரி'யை எழுதி முடித்தார் என்பது நாடக உலகம் சொல்லிச் சொல்லி மாளாத செய்தி.

பாய்ஸ் கம்பெனி என்ற ஏற்பாடு அப்படியே பற்றிக்கொண்டது. கலைவாணர் என்.எஸ்.கே., எம்.ஜி.ஆர்., சிவாஜி என்று பின்னால் நாம் திரையில் பார்த்த முகங்கள் எல்லாம் ஏதாவது ஒரு பாய்ஸ் கம்பெனியில் பிரம்படி வாங்கி வளர்ந்தவை. அந்தப் பையன்களின் பிள்ளைப் பருவம் என்ன ஆனது என்பது சந்தோஷமான கதை இல்லை. அப்பா அம்மாவைப் பிரிந்து, பாட்டு வாத்தியாருக்குப் பயந்து, குரல் உடைகிற வயசு வந்தால் கம்பெனியில் இடம் இருக்குமா என்று நடுங்கிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றியவர்கள் அவர்கள்.

அந்த ஊர்களில் ஒன்று கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

இப்போது மறுபடி தூத்துக்குடிக்கு வாருங்கள். 1876-லேயே இங்கே ரயில் வந்துவிட்டது. ரயிலில் இறங்கிக் கப்பல் ஏறினால் ஒரு ராத்திரிப் பயணம், கொழும்பு. கப்பல் கரைக்கே வராது. கடலில் ஆழம் போதாது. சுமார் ஐந்து மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்கள் படகிலும் சரக்கு தோணியிலுமாகப் போய் ஏற வேண்டும். வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்ததும், வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து, கடைசியில் சும்மாவே ஏற்றிக்கொண்டு கையில் குடையும் கொடுத்தது என்று படித்திருப்பீர்களே, அது இந்த வழித்தடத்தில்தான். 1914-ல் தனுஷ்கோடி – தலைமன்னார் வழி திறக்கும்வரை கொழும்புக்குப் போக ராஜபாட்டை தூத்துக்குடிதான்.

தேயிலைத் தோட்டத்துக்குக் கூலிகள் போன அதே கடல் வழியில் நாடகக் கம்பெனிகளும் போயின. படுதாக்கள், ஆர்மோனியப் பெட்டி, அட்டைக் கிரீடம், மரக் கத்தி எல்லாம் தோணியில் ஆடி ஆடிக் கப்பலுக்குப் போயிருக்கும். கற்பனை செய்து பாருங்கள். தர்பார் படுதா ஒரு தோணியில், ராஜா இன்னொரு தோணியில் வாந்தி எடுத்துக்கொண்டு!

கொழும்பில் ஜிந்துப்பிட்டி, தமிழ் நாடகங்களுக்குப் பேர்போன பகுதி. நாடகம் கடல் கடப்பது அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. இலங்கையின் மேற்குக் கடற்கரைக் கத்தோலிக்க ஊர்களில் சிங்களவர்கள் ஆடிய பழைய பாட்டு நாடகத்துக்கு 'நாடகம' என்றே பெயர். தமிழ்க் கூத்திலிருந்து போன வடிவம் அது. 1956-ல் பேராசிரியர் சரச்சந்திர அந்த வடிவத்தை எடுத்து 'மனமே' என்ற நாடகம் போட்டார். நவீன சிங்கள நாடகமே அங்கிருந்துதான் தொடங்குகிறது என்று அவர்கள் கொண்டாடுகிறார்கள்.

கொழும்பு மருதானையில் டவர் ஹால் என்று ஒரு தியேட்டர் இருக்கிறது. மணிக்கூண்டு வைத்த முகப்பு. 1911 டிசம்பரில் 'பண்டுகாபய' என்ற சிங்கள நாடகத்தோடு திறந்தது. பார்சி நாடகக் கம்பெனிகளின் பாணியில் வளர்ந்த 'நூர்த்தி' நாடகங்களின் கோட்டை அது. நடுவில் சினிமா வந்து, மங்கி, 1978-ல் அரசாங்கம் ஓர் அறக்கட்டளை அமைத்துக் காப்பாற்றியது. அதைச் சிங்கள நாடகத்தின் தாய்வீடாக வைத்திருக்கிறார்கள்.

டவர் ஹால் திறந்த அந்த 1911-ல் கொழும்புக்கு ஒரு தமிழ்க் குழுவும் வந்தது. யார் தெரியுமா? பம்மலின் சுகுண விலாச சபை! விக்டோரியா ஹால் கனவான்களும் கடைசியில் கப்பல் ஏறத்தான் வேண்டியிருந்தது. அதைப் பார்த்துச் சொக்கிப்போன யாழ்ப்பாணத்து இளைஞர் சொர்ணலிங்கம், பம்மலையே குருவாக வரித்துக்கொண்டார். நண்பர்களோடு 1913-ல் கொழும்பில் இலங்கை சுபோத விலாச சபையைத் தொடங்கினார். கலையரசு சொர்ணலிங்கம் என்று ஈழம் அவரைக் கொண்டாடுகிறது.

இன்னொரு பக்கம், சுவாமிகளின் வழி. 1926-ல் கொழும்பில் நாடகம் போட்டுக்கொண்டிருந்த கே.பி.சுந்தராம்பாளோடு சேர்ந்து நடிக்க, கிட்டப்பா வந்தார். சுவாமிகளின் சபையில் பாடம் படித்தாரே, அதே கிட்டப்பா. இரண்டு பெரிய குரல்கள். யார் யாரைத் தோற்கடிப்பது என்று ஊரே காத்திருந்தது. நடந்தது வேறு. காதல்! அடுத்த வருடம் திருமணம். 1933-ல் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு 27 வயது. சுந்தராம்பாள் அன்று உடுத்திய வெள்ளைப் புடவையைக் கடைசிவரை மாற்றவில்லை.

சுவாமிகள் இதையெல்லாம் பார்க்க உயிரோடு இல்லை. 1921-ல் பக்கவாதம் தாக்கிப் பேச்சு போய்விட்டது. ஆயிரக்கணக்கான பாட்டு எழுதிய மனிதருக்குச் சொல் வரவில்லை. அப்படியும் கம்பெனியோடுதான் இருந்தார். 1922 நவம்பர் 13-ஆம் தேதி புதுச்சேரியில் காலமானார். சமாதி அங்கே கருவடிக்குப்பத்தில். பிறந்தது ஒரு கடற்கரை, அடங்கியது இன்னொரு கடற்கரை. சொந்தமாக ஓர் அரங்கம் எங்கேயும் கிடையாது.

அவர் போய் ஒன்பதே வருடத்தில், 1931-ல் தமிழ் பேசும் படம் வந்தது. கொட்டகைகள் ஒவ்வொன்றாகத் திரை கட்டிப் படம் காட்ட ஆரம்பித்தன. தொடக்க காலச் சினிமா கதைக்கு எங்கே போனது? சுவாமிகளிடம்தான். 1934-ல் வந்த 'பவளக்கொடி'யில்தான் தியாகராஜ பாகவதர் திரையில் அறிமுகம் ஆனார். கொட்டகையின் சோற்றில் மண்ணைப் போட்ட சினிமா, கொட்டகையின் கதையையே தின்று வளர்ந்தது.

சினிமா உலகம் அவர் பெயரை மறந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2019 நடிகர் சங்கத் தேர்தலில் போட்டியிட்ட இரண்டு அணிகளில் ஒன்றுக்கு 'சுவாமி சங்கரதாஸ் அணி' என்றே பெயர் வைத்தார்கள். ஜெயித்தது 'பாண்டவர் அணி'. சுவாமிகளுக்குக் கோபம் வந்திருக்காது. பாண்டவர்களும் அவர் நாடகத்து ஆட்கள்தானே!

அப்படியானால் சுவாமிகளின் தியேட்டர் முழுசாகப் போய்விட்டதா?

இங்கேதான் உப்புக் கணக்குப்பிள்ளையின் சாமர்த்தியத்தைப் பார்க்க வேண்டும். பாய்ஸ் கம்பெனிகள் எல்லாம் மூடியபின், நடிகர்கள் தனித்தனி ஆளானார்கள். ஊர்த் திருவிழாவுக்கு நாடகம் வேண்டும் என்றால் ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து, ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து, பபூன் வேறெங்கிருந்தோ, ஆர்மோனியம் மிருதங்கம் இன்னொரு பக்கத்திலிருந்து என்று தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள். 'ஸ்பெஷல் நாடகம்' என்று இதற்குப் பெயர். சாயங்காலம் ஒவ்வொருவராக பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். ஒருவருக்கொருவர் முன்பின் பார்த்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒத்திகை? மூச்! இயக்குநர்? அப்படி ஒருவர் கிடையவே கிடையாது. ராத்திரி 10 மணிக்கு மேல் ஆர்மோனியத்தில் சுருதி பிடித்தால், விடிகிறவரைக்கும் 'வள்ளி திருமணம்' சறுக்காமல் ஓடும்.

எப்படி முடிகிறது? எல்லாருக்கும் ஒரே பாடம். சுவாமிகள் எழுதிய பாடம். முருகன் எந்த அடியில் நிறுத்தினால் வள்ளி எந்த அடியில் எடுக்க வேண்டும் என்பது இரண்டு பேருக்கும் மனப்பாடம். நடுவில் தர்க்கம் வரும். அங்கே சொந்தச் சரக்கைக் காட்டலாம், எதிராளியை மடக்கலாம், கைத்தட்டல் வாங்கலாம். ஆனாலும் திரும்பி வந்து சேர வேண்டிய இடம் சுவாமிகளின் வரி. பெரிய நடிகர்களின் வாயைக் கட்டுவதற்காகப் பையன்களுக்கு எழுதிக் கொடுத்த பாடம், நூறு வருடம் கழித்து, அறிமுகமே இல்லாத நாலு பேரை ஒரே ராத்திரியில் ஒரு கம்பெனி ஆக்கிவிடுகிறது.

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். யாழ்ப்பாணத்தில் சுவாமிகள் வழி வந்த 'இசை நாடகம்' தனி மரபாகவே வேர் பிடித்தது. காங்கேசன்துறை நடிகமணி வி.வி.வைரமுத்து அரிச்சந்திரன் கதையின் 'மயான காண்ட'த்தை 3,000 தடவைக்கு மேல் மேடையேற்றினார். 1989-ல் அவர் இறந்தபோது அங்கே நிஜமாகவே ஊர் மயானமாகிக் கொண்டிருந்தது. அந்தப் போரில் எத்தனையோ கட்டடங்கள் தரைமட்டமாயின. பாட்டைக் குண்டு போட்டு இடிக்க முடியவில்லை.

கணக்கைக் கூட்டிப் பார்த்தால் இப்படி வருகிறது. மரியாதை கிடைத்தவர்களின் நாடகத்துக்குச் சிவப்புக் கட்டடம் மிச்சமிருக்கிறது. அதைக் காப்பாற்றியது நல்ல காரியம், சந்தேகமில்லை. மரியாதை கிடைக்காதவர்களின் நாடகத்துக்கு ஆட்கள் மிச்சமிருக்கிறார்கள். கட்டடத்துக்குப் பணம் ஒதுக்கிச் சுண்ணாம்பு பூசலாம். மனப்பாடமாக வைத்திருக்கும் ஆளுக்கு வயதாகிறது. பங்குனி, சித்திரை, வைகாசி என்று திருவிழா நாட்களில் கிடைக்கும் சம்பளத்தில் வருடம் முழுக்கச் சமாளிக்கிற ஆட்கள் அவர்கள். 2020-ல் கொரோனா வந்து திருவிழாக்கள் நின்றபோது அவர்கள் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. அதிலும் மேடையேறும் பெண்கள் இன்றைக்கும் ஊர்ப் பேச்சைத் தாண்டித்தான் மேடையேற வேண்டியிருக்கிறது. நாற்காலி நகர்கிற வழக்கம் முழுசாக மாறிவிடவில்லை. 'என் பிள்ளைக்கு இந்தத் தொழில் வேண்டாம்' என்று அவர்களில் பலர் சொன்னால், அவர்களைக் குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ஆகவே சுவாமிகளின் தியேட்டரைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு வழி சொல்லிவிடுகிறேன். விளாத்திகுளம், கோவில்பட்டிப் பக்கம், இல்லாவிட்டால் ராமநாதபுரம், சிவகங்கை, மதுரைச் சுற்றுவட்டாரக் கிராமங்கள். கோடைக்காலத்தில் போங்கள். சுவரில் ஒட்டிய நோட்டீஸைப் பாருங்கள். நடிகர் பெயரும் அவரவர் ஊர்ப் பெயரும் போட்டோவோடு இருக்கும். டிக்கெட் கிடையாது. ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், மணலில் விரிக்க. பபூன் வந்து சிரிக்க வைத்துவிட்டுப் போனதும் வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். நடுச்சாமம் தாண்டி வள்ளி வருவாள். அவளுடைய முதல் பாட்டு தூத்துக்குடிக் கணக்குப்பிள்ளை எழுதியது.